விதானமும் பூச்சும்

ஈப்போ நகருக்குத் தெற்கே குனோங் ராபாட் என்னும் சுண்ணாம்புக்கல் மலை நிற்கிறது. சாம் போ தோங், கெக் லோக் தோங் என்னும் சீனக் குகைக் கோயில்கள் அங்கே உள்ளன. உள்ளே சென்று அண்ணாந்து நோக்குவோர் காண்பது கல்விழுதுகள் தொங்கும் கரடுமுரடான விதானம். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுப் பாறையைக் கரைக்கிறது. குகையில் சொட்டும்போது அவ்வாயுவை இழந்து, கரைத்த சுண்ணத்தை அங்கேயே விட்டுச் செல்கிறது. ஒரு விரல் நீள விழுது உருவாக நூற்றாண்டுகள் செல்லும். உடைத்தால் உடைத்ததுதான்.

எல்லாக் குகை விதானங்களும் இப்படி விடப்படவில்லை. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் சமணர்க்கெனக் குடைந்த அறிவர் கோயிலில், கரடான பாறையைச் சுண்ணமும் மணலும் கலந்த மெல்லிய சாந்தால் போர்த்தி, அதன்மேல் வெண்சுண்ணம் பூசித் தாமரைப் பொய்கையைத் தீட்டினர். பாறையின் சொரசொரப்பு அங்கே குறையன்று. சாந்துக்கு அதுவே பிடிப்பு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஏற்றுக் கல்லாக இறுகும். குனோங் ராபாட்டில் நீர் செய்யும் வேலையைச் சித்தன்னவாசலில் கொத்தனார் செய்தார் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கம் தலைகீழாயிற்று. மேல்நாட்டு வீடுகளில் வழவழப்பான உட்கூரையை வேண்டுமென்றே கரடாக்கினர். பிரிட்டனில் ஆர்டெக்ஸ் பூச்சு. அமெரிக்காவில் சோளப்பொரி ஒட்டியதுபோல் தெளிக்கும் பூச்சு. அழகுக்கென்று சொன்னாலும், பலகை இணைப்புகளையும் மட்டமான கைவேலையையும் மறைக்கவே அது பெரிதும் உதவிற்று. கலவைக்கு உறுதி தரப் பலர் கல்நார் சேர்த்தனர். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் விளைக்கும். தெளிக்கும் அலங்காரப் பூச்சில் கல்நாரை அமெரிக்கா 1978-இல் தடுத்தது. பிரிட்டன் 1999-இல் வெண்கல்நாரையும் விலக்கியது. மலேசியாவில் 1986-இன் விதிகள் கல்நார்த் தொழிலைக் கட்டுப்படுத்தின. பேராக்கின் பழைய வீடுகளில் இந்தப் பூச்சைவிடக் கல்நார்-சிமெண்டு அட்டையே வழக்கம்; ஆனால் ஆபத்தின் தன்மை ஒன்றே.

கேடு முழுமையாய் இருக்கும் உட்கூரையில் அவ்வளவாக இல்லை. சுரண்டும் கரண்டியில் இருக்கிறது. உலர்ந்த பூச்சைச் சுரண்டுபவர் பல ஆண்டுகள் அடங்கியிருந்த இழைகளை ஒரே மாலையில் வீடெங்கும் பரப்பிவிடுவார். அதனால் முதலில் சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். கல்நார் இருந்து, பூச்சும் உதிராமல் இருந்தால், மேலே வேறு பலகை அமைத்து மூடுவதே பெரும்பாலும் ஏற்றது. பெயர்த்தே ஆகவேண்டுமெனில், நனைத்து, பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை அது. மூடுவதிலும் ஒரு கடமை உண்டு: உள்ளே என்ன மறைந்திருக்கிறது என்பதைப் பின்னாளில் மின்விசிறி மாட்டத் துளையிட வருபவர் அறியுமாறு எழுதி வைத்தல்.