ஆப்பிள் கூழ் கேக்கும் உலகப் போர்களும்

இலையுதிர் காலத்தில் ஆப்பிள் மரங்கள் ஒரே சமயத்தில் காய்த்துக் குவியும். அடிபட்ட பழங்கள் நாள்படத் தாங்காது. எனவே அமெரிக்கக் குடும்பங்கள் அவற்றை வேகவைத்து, மசித்து, 'ஆப்பிள் சாஸ்' எனப்படும் கூழாக்கி ஜாடிகளில் அடைத்தன. பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொண்டது போக மீந்ததைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றுதான் கேக்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஆகஸ்டில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகத் துறை அமைந்தது. படைகளுக்கும் நேச நாடுகளுக்கும் கோதுமை, இறைச்சி, கொழுப்பு, சர்க்கரை அனுப்ப வேண்டியிருந்தது. கட்டாயத்தைவிட இல்லத்தரசிகளின் ஒத்துழைப்பையே ஹூவர் பெரிதும் நம்பினார். கோதுமையில்லா நாள், இறைச்சியில்லா நாள் என வீடுகள் கடைப்பிடித்தன. சர்க்கரையும் வெண்ணெயும் முட்டையும் குறைவாகக் கேட்கும் ஆப்பிள் கூழ் கேக் அப்போது நாட்டுப்பற்றின் அடையாளமானது.

இதற்குக் காரணம் கூழின் தன்மையே. அதிலுள்ள பெக்டின் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், கொழுப்பு குறைந்தாலும் கேக் வறண்டு போவதில்லை. பழத்தின் புளிப்பு சமையல் சோடாவுடன் சேர்ந்து வாயுவை உண்டாக்க, முட்டை குறைந்தாலும் மாவு உப்புகிறது. இனிப்பில் ஒரு பங்கைப் பழமே தந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் தேவை மீண்டும் வந்தது. 1942 மே மாதம் ஆளுக்கு வாரம் அரை பவுண்டு, அதாவது சுமார் 227 கிராம் சர்க்கரை என்று பங்கீடு தொடங்கி, 1947 வரை நீடித்தது.

வீணாகாமல் காத்த ஒரு கிண்ணக் கூழ், தொலைதூரத்துப் பசிக்கும் சிறிது இடம் விட்டது என்றால் அது மிகையாகாது.