உறைமோரை மாற்றிய கதை

2012 கடைசி. மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். ராஜபாளையத்தில் உட்கார்ந்து ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கரண்டு போகும், பேட்டரி தீரும், பாதியில் நிற்கும். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்வெர்ட்டர் இருந்த மாமா வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் முடித்தேன். அதிக நேரம் தின்றது இயங்குதளம் இல்லை, அதைக் கட்டும் கம்பைலர். அந்த கிளாங் அங்கே வந்து உட்கார்ந்த கதைதான் இது.

ஃப்ரீபிஎஸ்டி ஆரம்பத்திலிருந்தே ஜிசிசியால் கட்டப்பட்டது. 2007 ஜூனில் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய உரிமத்தில் வந்த கடைசி ஜிசிசி 4.2.1. புது உரிமத்தின் நிபந்தனைகள் பிஎஸ்டிக்காரர்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஜிசிசி வளர்ந்துகொண்டே போனது, இவர்களிடம் இருந்தது கிழடாகிக்கொண்டே வந்தது.

மாற்று வேறு இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிரிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் அட்வேயும் எல்எல்விஎம் திட்டத்தைத் தொடங்கினார்கள். அட்வே நம்ம பம்பாய் ஐஐடியில் படித்தவர். லாட்னர் பிறகு ஆப்பிளுக்குப் போக, அங்கிருந்து 2007-இல் கிளாங் வெளிவந்தது. 2009 பிப்ரவரியில் கிளாங் கட்டிய ஃப்ரீபிஎஸ்டி கர்னல் ஓடியது. 2012 நவம்பரில் அதுவே இயல்புக் கம்பைலர் ஆனது.

சரி, கம்பைலரை மாத்துறது அவ்வளவு பெரிய விஷயமா? சி மொழியில் எழுதியதாக நினைத்த நிரலில் பாதி ஜிசிசியின் வட்டார வழக்கு என்பது அப்போதுதான் தெரிந்தது. 2012-இல் டெபியன் தொகுப்புகளை கிளாங்கால் கட்டிப் பார்த்தபோது சுமார் 9 சதவீதம் தேறவில்லை. அதில் ஒரு பகுதி கிளாங்கின் குறை இல்லை. மதிப்பைத் திருப்பித் தர வேண்டிய ஃபங்ஷன் சும்மா திரும்புவது போன்ற பிழைகளை ஜிசிசி கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. லினக்ஸ் கர்னல் இன்னும் பிடிவாதம். 2017-இல் கூகுளின் பிக்சல் 2 போனில்தான் கிளாங் கட்டிய கர்னல் கடைக்கு வந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். தயிருக்கு உறைமோர் மாதிரி, கம்பைலரைக் கட்ட முந்தைய கம்பைலர் வேண்டும். அந்த உறையிலேயே விஷம் இருந்தால், மூலநிரலை எவ்வளவு படித்தாலும் தெரியாது என்று 1984-இலேயே கென் தாம்சன் காட்டிவிட்டார். டேவிட் வீலர் 2009-இல் தன் முனைவர் ஆய்வில் விரிவாகச் சொன்ன வழி, அடுத்த வீட்டு உறையைக் கொண்டு சோதிப்பது. சந்தேகமான கம்பைலரின் மூலநிரலை வேறொரு கம்பைலரால் கட்டு. வந்ததை வைத்து அதே நிரலை மறுபடி கட்டு. கிடைப்பது கையில் இருப்பதோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகிறதா பார். உலகத்தில் ஒரே ஒரு கம்பைலர் இருந்தால் இந்தச் சோதனையே நடக்காது.

2020 பிப்ரவரியில் ஜிசிசி 4.2.1 ஃப்ரீபிஎஸ்டி மூலநிரலிலிருந்து நீக்கப்பட்டது. வேண்டுமென்றால் புது ஜிசிசியை வெளியிலிருந்து நிறுவி இன்றும் கட்டலாம். போன மாதம் இரண்டாலும் கட்டிப் பார்த்தேன், கரண்டு போகவில்லை.