டயாலிசிஸ் நோயாளிகளின் தசை இழப்பு: எடை குறையாமலே உடல் மெலியும்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கை, கால் தசைகள் சிறுகச் சிறுகக் கரைவது பரவலான பாதிப்பு. அனைத்துலகச் சிறுநீரக ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2008இல் இதற்குப் ‘புரத-ஆற்றல் நலிவு’ என்று பெயரிட்டனர். தசை குறையக் குறையக் கீழே விழுவதும் கிருமித்தொற்றும் மருத்துவமனையில் சேர்வதும் கூடும்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவே காரணம். ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய் மூன்றுமே தசையைத் தின்பவை.

காரணம்

வழக்கமாக வாரம் 3 முறை, தலா 4 மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கழிவோடு சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலமும் வெளியேறுகிறது. பசியின்மை, இரத்தத்தில் கூடும் அமிலம், உடல் அழற்சி, நடமாட்டக் குறைவு ஆகியவையும் சேர்கின்றன.

உணவு

டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொன்ன அறிவுரையைப் பல குடும்பங்கள் பின்னரும் தொடர்கின்றன. இது தவறு. டயாலிசிஸ் தொடங்கியபின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த 100 கிராம் கோழியில் சுமார் 25 கிராம் உண்டு. கஞ்சியும் ரசச் சோறும் மட்டும் போதாது. புரட்டாசி விரதத்தில் தவ்பூ, தெம்பே உதவும். கருவாட்டில் உப்பு அதிகம். பருப்பின் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டறிய வேண்டும்.

அறிகுறி

தசை குறைந்த இடத்தை உடலில் தேங்கும் நீர் நிரப்பினால் தராசில் எடை மாறாது. தாதியர் குறிக்கும் ‘உலர் எடை’யை மறு ஆய்வு செய்யாவிட்டால் மூச்சுத்திணறல் வரலாம். கிரியேட்டினின் குறைவதும் எப்போதும் நற்செய்தியல்ல; தசை கரைந்தாலும் அது குறையும்.

கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், தசை வலு குறைந்திருக்கலாம் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஆசிய வழிகாட்டி. தடுமாறுபவர்கள் தனியாக இதைச் செய்யக்கூடாது.

பயிற்சி

மருத்துவர் அனுமதியுடன் தினமும் நடப்பதும், ரப்பர் பட்டையை இழுப்பதும் தசைக்கு வலு தரும். சட்டை தொளதொளத்தாலோ, படியேறத் திணறினாலோ அடுத்த டயாலிசிஸ் நாளிலேயே தாதியரிடம் சொல்வது நல்லது.