பஸ்கியும் முட்டிப் பயமும்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு. ராஜராஜ சோழன் இல்லை, பஸ்கி :-) தண்டால், பஸ்கின்னு ஊர்ல எடுப்போமே, அதையே தோள்ல பார்பெல் வெச்சு எடுத்தா ஸ்குவாட்.

இங்கே அமெரிக்காவுல ஜிம்முக்குப் போனா ரெண்டு உபதேசம் இலவசம். ஒண்ணு, தொடை தரைக்கு இணையா வந்ததும் நிறுத்திடு, கீழே போனா முட்டி காலி. ரெண்டு, முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது. இதைக் கேட்டே என் ரூம்மேட் ஆறு மாசமா ஸ்குவாட் பக்கம் தலைவெச்சுப் படுக்கலை. இந்தப் பயம் எங்கேர்ந்து வந்துச்சு?

முதல்ல பயமே இல்லை. 1921-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த ஹென்றி ஸ்டெயின்பார்ன், பார்பெல்லைச் செங்குத்தா நிறுத்தி, அடியில் தோளைக் கொடுத்து, குத்தவெச்சபடியே முதுகில் சாய்ச்சு வாங்கி எழுந்திருப்பார். ரேக் எதுவும் வேண்டாம். அதாவது அவரோட ஸ்குவாட் ஆரம்பிக்கிறதே அடி ஆழத்தில்தான்!

திருப்பம் 1961-ல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் க்ளைன், தானே செய்த ஒரு கருவியால் எடை தூக்குபவர்களின் முட்டியை அளந்தார். முழு ஸ்குவாட் எடுப்பவர்களுக்கு முட்டித் தசைநார் தளர்ந்திருக்கு என்றார். அவர் ஸ்குவாட்டே கூடாதுன்னு சொல்லலை. இணையானதும் நிறுத்தச் சொன்னார். ஆனா பயம் பரவுற வேகம் தெரியுமே, பல கோச்சுகள் மொத்தமாவே நிறுத்திட்டாங்க.

அப்புறம் 1971-ல் மேயர்ஸ், 1989-ல் சேண்ட்லர் குழு, ரெண்டு பேரும் ஆட்களை எட்டு வாரம் ஸ்குவாட் எடுக்க வெச்சு அளந்து பார்த்தாங்க. முட்டி தளரலை. இதுக்கு நடுவுல 1972-ல் தொடங்கின சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி, இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பக்கத்துக்குக் கீழே போனாத்தான் ஸ்குவாட் செல்லும். ஒரு பக்கம் தடை, இன்னொரு பக்கம் அதுவே சட்டம்!

ரெண்டாவது உபதேசத்துக்கு வருவோம். 2003-ல் ஃப்ரை குழு ஏழு பேரின் காலுக்கு முன்னால் பலகை வெச்சு, முட்டி விரலைத் தாண்டாமல் தடுத்தாங்க. முட்டியில் முறுக்குவிசை 150-லிருந்து 117 நியூட்டன் மீட்டராகக் குறைஞ்சது. சந்தோஷம். ஆனா இடுப்பில் 28-லிருந்து 303 ஆச்சு! முன்னால் போக முடியாத உடம்பு, சமநிலைக்காக அதிகமாகக் குனியுது. பாரம் எங்கேயும் ஓடிப்போகலை, இடம்தான் மாறிச்சு.

அதனால எல்லாருக்கும் ஒரே 'சரியான ஃபார்ம்' கிடையாது. தொடை எலும்பு நீளமா இருக்கறவர் கூடுதலாகக் குனியத்தான் வேணும். குதிகால் தரையில் பதியணும், முட்டி விரல் நோக்கின திசையில் போகணும், இடுப்புக்கு மேல் முதுகு வளையாத ஆழம்தான் உங்க ஆழம். எடையை மெல்ல மெல்ல ஏத்துங்க. முட்டியில் ஏற்கெனவே கோளாறு இருந்தா மட்டும் முதல்ல டாக்டரைப் பாருங்க.

மத்தவங்களுக்கு என் சிபாரிசு: குத்தவெச்சு உட்கார்ந்தே வளர்ந்த ஜனம் நாம, டெக்சாஸ் பயத்தை ஏன் சுமக்கணும்? பார்பெல்லைச் சுமப்போம் :-)