ஆடவிடப்படாத ஆட்டக்காரர்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது இலங்கையர் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிர்த்து வருபவரை மோதி வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. காலுக்கு அதிற் சிறு பங்கே உண்டு. சர்வகலாசாலை மாணவர் ஆடும் இவ்வாட்டத்தைக் காண அந்நாட்டிற் பல்லாயிரவர் திரள்வர். தமக்குப் புகழ் தேடித்தந்த வீரரைப் போற்றுதற்குச் சர்வகலாசாலைகள் பல கௌரவ மண்டபங்களையும் ஏற்படுத்தியுள்ளன. மிச்சிகன் சர்வகலாசாலையின் மண்டபத்தில் 1978ஆம் ஆண்டு, முதல் வரிசையிலேயே, இடம்பெற்றவர்களுள் ஒருவர் ஜெரல்ட் போர்ட். ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்து முந்திய ஆண்டிற் பதவி நீங்கியவர். 1981இல் அவருடைய பழைய தோழர் வில்லிஸ் வோர்ட் அங்கே சேர்க்கப்பட்டார்.

வோர்ட் டிற்றோயிற் நகரில் வளர்ந்த கறுப்பினத்தவர். ஜோர்ஜ் யூவெற் என்பவர் 1892இல் ஆடியதன் பின், நாற்பது ஆண்டுகளாக மிச்சிகன் உதைபந்தாட்ட அணியிற் கறுப்பு மாணவர் எவரும் அத்தகைய இடம் பெற்றதில்லை. 1932இல் வோர்ட் அதனைப் பெற்றார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அணி ஒருமுறையேனும் தோற்காமல் தேசிய வாகை சூடியது. ஓட்டத்திலும் உயரம் பாய்தலிலும் அவர் சமர்த்தர். 1935இல் 60 யார் ஓட்டத்தில் ஜெசி ஓவென்சையே முந்தியவர்.

1934 ஒக்டோபர் 20ஆந் திகதி ஜோர்ஜியாத் தொழினுட்பக் கல்லூரி அணி மிச்சிகனுக்கு ஆட வரவிருந்தது. கறுப்பர் ஆடும் களத்தில் இறங்குவதில்லை என்பது அக்காலத் தென்மாநிலக் கல்லூரிகளின் பிடிவாதம். வோர்ட் ஆடினால் தாம் ஆடோம் என்றனர் விருந்தினர். செய்தி வெளியானதும் மாணவரிடையே கொந்தளிப்பு எழுந்தது. அவரை ஆடவிடுக எனக் கோரும் விண்ணப்பத்தில் மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 1500 பேர் ஒப்பமிட்டனர். பயன் இல்லை. வோர்டை நிறுத்திவைக்க மிச்சிகன் இணங்கியது. ஈடாக ஜோர்ஜியா அணியும் கிப்சன் என்னும் வெள்ளை ஆட்டக்காரரை நிறுத்திவைத்தது. ஆளுக்கு ஆள் சரியென்று தராசு பிடித்தவர்கள், ஒருவர் எதன் பொருட்டு நிறுத்தப்பட்டார் என்பதை மட்டும் தட்டில் வைக்கவில்லை.

ஆட்டம் நடந்தது தெற்கில் அன்று. மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பரில். தென்மாநிலச் சட்டம் எதுவும் அங்கே செல்லாது. இணங்க மறுத்திருந்தால் ஓர் ஆட்டம் நடவாது போயிருக்கும்; அவ்வளவே.

போர்ட் தாமும் ஆடாது விடலாமா எனத் தயங்கினார். வோர்டிடமே சென்று கேட்டதாகவும், அணியின் பொருட்டு ஆடும்படி அவர் கூறியதாகவும் போர்ட் பின்னாளிற் சொன்னார். மிச்சிகன் 9க்கு 2 எனும் புள்ளிகளால் வென்றது. அவ்வாண்டு ஆடிய எட்டு ஆட்டங்களில் அதற்குக் கிடைத்த வெற்றி இஃதொன்றே. ஆண்டு முழுவதும் அணி எடுத்தவை 21 புள்ளிகள். ஜோர்ஜியாவுக்கு எதிரான ஒன்பதும் போக, எஞ்சிய பன்னிரண்டையும் எடுத்தவர் வோர்ட்.

அந்நிகழ்ச்சி தம் ஊக்கத்தையே கெடுத்துவிட்டதென அவர் பிற்காலத்திற் கூறினார். 1936இன் பேர்லின் ஒலிம்பிக்கிற்கு அவர் முயலவில்லை. அங்கே நான்கு தங்கப் பதக்கங்களுடன் மீண்டவர், முன்னாண்டு அவரிடம் தோற்ற ஓவென்ஸ். வோர்ட் சட்டம் பயின்று, அரசாங்க வழக்கறிஞராகவும், 1973 முதல் வேய்ன் மாவட்டத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். கௌரவ மண்டபம் அவரை அழைத்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அந்த ஆட்டம் நடந்து 47 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1983இன் இறுதியில் அவர் காலமானார்.

1999இல், கல்லூரி அனுமதியில் இனத்தையும் கருத்திற்கொள்ளலாமா என்ற வழக்கிலே மிச்சிகன் சர்வகலாசாலை அகப்பட்டிருந்தபோது, போர்ட் அதற்கு ஆதரவாக நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். அதில் அவர் எடுத்துக்காட்டியது வோர்ட் ஆடாத அந்த ஒக்டோபர் ஆட்டத்தையே.