நாவடங்கிய பேராசான்

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம், கி.பி. 1095. பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திவந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நா எழவில்லை. மாணவர்களின் மனநிறைவுக்காக ஒருநாளேனும் பாடம் சொல்ல முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. துயரம் உள்ளத்தில் மூண்டது, உணவு செரிக்கவில்லை, உடல் தளர்ந்தது. பார்த்த மருத்துவர்கள், நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியதென்றும், உள்ளத்தின் கவலை தீர்ந்தாலன்றி மருந்து பயன்தராதென்றும் கூறினர். பின்னர் இமாமவர்கள் இறைவனிடம் மன்றாடி, பதவியைத் துறந்து திமிஷ்க் நகருக்குப் புறப்பட்டார்கள்.

இவ்விவரங்களைப் பதிவு செய்தவர் பிறரல்லர். 'அல்முன்கித் மினள்ளலால்' என்னும் தம் நூலில் அவர்களே எழுதியுள்ளார்கள். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' எனப் போற்றப்பெறும் ஒருவர் தம் உள்ளம் நொறுங்கியதையும் மருத்துவர் தம்மைப் பார்த்ததையும் எழுத நாணவில்லை. அதனால் அவர்களின் ஈமானை எவரும் குறைத்து மதிக்கவுமில்லை.

மருத்துவர் கைவிட்டதைத் துஆ தீர்த்தது. ஆகவே மருத்துவம் எதற்கு என்று இந்நிகழ்ச்சியைக் காட்டிச் சிலர் வினவலாம். அதற்கு விடை, இமாமவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பல்கு நாட்டறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934) இயற்றிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருங்கே ஆராய்கிறது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என உள்ளத்தின் பிணிகளை அது வகுக்கிறது. துயரத்திலும் இருவகை காண்கிறார் அவர். இழப்பால் வருவது ஒன்று. அதற்கு ஆறுதலும் அறிவுரையும் மருந்து. காரணம் புலப்படாமல் வருவது மற்றொன்று. அதன் வேர் உடலில் உள்ளது, அதற்கு உடல்சார்ந்த மருத்துவம் வேண்டும். உள்ளம் நோயுற்றவர் தம் முயற்சியை மட்டும் நம்பாது பிறர் துணையையும் நாடவேண்டும் என்பதும் அவர் கருத்து.

இச்சிந்தனை ஏட்டளவில் நிற்கவில்லை. 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரீ பீமாரிஸ்தானிலும், 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானிலும் மனநோயாளர்க்கு இடமிருந்தது. பின்னதில் நீரூற்று முற்றத்தைச் சுற்றி அவர்களுக்கான அறைகள் அமைந்தன. வக்ஃபு வருவாய் செலவை ஏற்றது. இடைக்கால மருத்துவமனைகளில் கட்டுக்கடங்காதோரை விலங்கிட்டதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோயாளி வந்து சேர்ந்த இடம் மருத்துவர் இருந்த இடம்.

நம் நாட்டில் அவ்விடம் மாறிப்போனது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். பல சமயத்தவரும் அங்கே தம் உறவினரைக் கொண்டுவந்து விட்டிருந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஆனால் ஊரார் அறிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது, 'ஈமான் குறைந்தவன்' என்பர் என்றஞ்சி வீட்டுக்குள்ளேயே நோயை மறைக்கும் வழக்கத்தைச் சட்டம் தடுக்க இயலாது.

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதில் உடல்நோய், உளநோய் என்ற பாகுபாடில்லை. நம் மதரஸாக்களில் இமாம் கஸ்ஸாலியின் நூல்கள் ஓதப்படுகின்றன. அவர்களின் நா அடங்கிய அந்நாட்களையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.