மகமை

மகமை: வணிகர் தம் விற்றுமுதலில் சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் முதலிய ஊர்களின் நாடார் உறவின்முறைகள் (சமூகச் சங்கங்கள்) வணிகப் பேட்டைச் சரக்குகளின்மீது இதைத் திரட்டின. கோயில், கிணறு, பள்ளிகள் இந்நிதியால் எழுந்தன. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை உறவின்முறை நடத்திய பள்ளியே; வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் அதைத் தாங்கியது.

இன்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, வரையறுத்த அளவை எட்டிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. மகமையோ லாபத்தைப் பாராமல் சரக்கின்மீதே விழுந்தது. ஆனால் பெரும்பாலும் ஒரு சமூகத்துக்குள் நின்றது. மகமையானாலும் சட்டப்படியான செலவானாலும், எண்ணெய், பருப்பு ஆலை நடத்துவோருக்குக் கொடை மட்டும் அறமாகாது. கலப்படமின்மை, சரியான எடை, மானாவாரி உழவருக்கு நியாய விலை ஆகியவையே முதற்கடமை.